மண்ணெண்ணெய் குடித்த சீஜி 125

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓடின பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினைத் திறக்கப் போகிறவர், ஸ்பானரை எடுக்க முதல் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1990க்கும் 2002க்கும் இடையில் இந்த வண்டி எதைக் குடித்து ஓடினது? பெற்றோலில் மட்டும்தான் ஓடினது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள், உண்மை அங்கே கரியாகப் படிந்திருக்கும்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வரும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான், வயலில் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் அதுதான், மோட்டார் சைக்கிளுக்கும் அதுதான். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் நேரடியாக எழுப்ப முடியாது, குளிரில் அது ஆவியாகாது. எனவே பெரிய எரிபொருள் ராங்கியில் மண்ணெண்ணெய். ஹாண்டிலில் அல்லது ஃபிரேமில் ஒரு சின்னப் போத்தல், பலரிடம் வெறும் சேலைன் போத்தல், அதற்குள் கொஞ்சப் பெற்றோல். இரண்டு குழாயையும் ஒரு ரீ (T) இணைப்புப் போட்டு, எரிபொருளைக் காற்றோடு கலக்கிற காபரேற்றருக்குக் கொண்டுவந்து, பெற்றோலில் உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்த முதல் திரும்பவும் பெற்றோலைத் திறந்து காபரேற்றர்க் கிண்ணத்தை நிரப்பிவிட வேண்டும். மறந்தால் அடுத்த நாள் காலை கிண்ணத்தைக் கழற்றி ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் அந்தப் புகையின் மணம் தெரியும். கண் எரியும், சட்டை மணக்கும், கடந்துபோன வண்டி திரும்பிவரும் வரைக்கும் ஒழுங்கையில் நிற்கும்.

எங்கள் வீட்டு வண்டி ஹொண்டா சீஜி 125. வன்னியில் அதிகம் பேர் வைத்திருந்தது எம்டி 90. கொஞ்சம் வசதியானவர்களிடம் சீடி 125, சீடி 200. ரீச்சர்மாரிடமும் நேர்ஸ்மாரிடமும் சாலி என்ற சின்ன ஹொண்டா. சீஜி அவ்வளவாக இல்லை. பெரியப்பா 1980இல் முத்தையன்கட்டு மிளகாய்க் காசில் வாங்கினது இது. அதற்கு முந்தின ஆண்டுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்தபடியால் விசுவமடு, முத்தையன்கட்டு பக்கம் காணி பெற்றுத் தோட்டம் செய்தவர்கள் கையில் காசு புழங்கிற்று. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். செத்தல் மிளகாய் விலை விழுந்தது, யப்பான் மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டும் ஒரே கதவால்தான். பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது இன்றைக்கும் எதற்காகக் கவலைப்படுவது, எதற்காகச் சந்தோசப்படுவது என்று தெரியாமல் இடையில் நின்றுவிடுவார்.

சீஜி பற்றி நாலு வரி சொல்லாமல் மேலே போக முடியாது. 1976இல் வந்த எஞ்சின் இது. அதற்கு முன் இருந்த 125களில் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு ஹெட்டுக்கு மேலே இருக்கும், சங்கிலி அதைச் சுற்றும். எண்ணெய் மாற்றாமல், எயார் பில்ற்றர் கழுவாமல், சங்கிலியை இறுக்காமல் ஓடினால் மேலேதான் முதலில் அடி விழும். வளர்ந்துவரும் நாடுகளில் சனங்கள் மோட்டார் சைக்கிளை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த ஹொண்டா பொறியாளர்கள், கேம் தண்டைக் கீழே இறக்கிப் பல்லுச் சில்லால் சுற்றவிட்டு, வால்வுகளைப் புஷ்றொட் என்கிற நீளக் கம்பி கொண்டு தள்ளுகிற பழைய முறைக்கே திரும்பினார்கள். கேமில் மேடு ஒன்றே ஒன்று, இரண்டு வால்வுக்கும் அதுவேதான். பின்சில்லைச் சுற்றுகிற சங்கிலிக்கு முழு மூடி. பராமரிக்கத் தெரியாதவனுக்காகவும் பராமரிக்க வசதி இல்லாதவனுக்காகவும் கட்டின எஞ்சின் என்று சொல்லலாம். பாகிஸ்தானில் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். ஆனால் வன்னியில் பன்னிரண்டு வருசம் மண்ணெண்ணெய் குடிக்கப்போகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

போரில் இந்த வண்டி தப்பினது தற்செயல். சமாதான காலத்தில் வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் திருத்த வேலைக்கென்று விட்டது, 2006 ஆகஸ்ட்டில் சண்டை மூண்டதும் ஓமந்தைச் சோதனைச்சாவடியால் திருப்பிக் கொண்டுவர முடியாமல் போய்விட்டது. ஊரில் எங்களோடு இருந்த மற்ற எல்லா வாகனமும் 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டன. நாங்கள் முள்ளியவளைக்கு மீளக் குடியேறின பிறகு பெரியப்பா லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் போட்டு இதைக் கொண்டுவந்து குசினிப் பத்திக்குள் நிறுத்தினார். அப்புறம் அதன்மேல் விறகு ஏறிற்று, உரப்பை ஏறிற்று, கோழி ஏறிற்று.

இதைத் திருத்தலாம் என்று எனக்குத் தோன்றினதற்குப் பாசம் முதல் காரணம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. திரும்பத் திறக்க 2025 ஆயிற்று. அந்த ஐந்து வருசத்தில் செக்கன்ட்ஹாண்ட் மோட்டார் சைக்கிள் விலை போன போக்குக்கு, முன்பு பழைய இரும்புக்குக்கூடக் கேட்காத வண்டிகளை ஆட்கள் வீடு வீடாய்த் தேடி வந்தார்கள். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைத்தால். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். கையில் இருந்த பல்சரை வித்துப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டிருந்த எனக்கு, பத்திக்குள் ஒரு 125 சும்மா நிற்பது கண்ணை உறுத்தத் தொடங்கிற்று.

நெடுநாள் நின்ற எஞ்சினை உதைக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்த விசயம், ஆனாலும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு உதை உதைத்துப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். நான் கிக்கரையே கழற்றி ஒளித்து வைத்துவிட்டேன். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, துணியால் அடைத்து ஊறவிட்டேன். சில நாள் கழித்து நாலாம் கியரில் போட்டுப் பின்சில்லைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட, ஒரு நேரத்தில் ‘சொறுக்’ என்று விட்டது. சைலன்சருக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தக் குத்தச் சிவப்பு மண்ணும் காய்ந்த புழுவும் கொட்டிக்கொண்டே இருந்தன. முள்ளியவளை மண் முழுவதையும் அந்தக் குளவி அதற்குள்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறதோ என்று நினைத்தேன்.

காபரேற்றர்க் கிண்ணத்துக்குள் பெற்றோல் வற்றிக் கோந்தாகிக் கிடந்தது. மிதவை ஊசி அதன் இருப்பிடத்தில் ஒட்டிப்போயிருந்தது. எரிபொருள் அளவாய்ப் போகிற சின்ன ஜெற்றின் துளை தலைமயிர் போகிற அளவுதான். அதை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்துகிறவர்கள் வண்டியை வாழ்நாள் முழுக்கக் கரி கக்க வைக்கிறார்கள். வயருக்குள் இருக்கும் செப்பு நூல் ஒன்றை உருவி எடுத்துக் குத்த வேண்டும், செப்பு பித்தளையைக் கீறாது. பெரிய ஜெற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் முதல் தடயம் கிடைத்தது. துளை வட்டமாக இல்லை. யாரோ கையால் அகட்டியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் தடிப்பு, பெற்றோலுக்கு வைத்த துளைக்குள்ளால் போதுமான அளவு ஏறாது, அதனால் செய்த வேலை.

இரண்டாவது தடயம் வால்வை அழுத்துகிற றொக்கரின் மூடியைத் திறந்ததும் தெரிந்தது. வால்வு இடைவெளியை வைக்கிற திருகாணி இரண்டிலும் பூட்டு நட்டுக்கு மேலே ஒரு புரி, ஒன்றரைப் புரிதான் மிஞ்சியிருந்தது. வழக்கமாக அதற்கு மேலே தாராளமாகப் புரி தெரியும். இனி ஒரு சுற்றுக்கூடக் கீழே போக இடமில்லாத அளவுக்கு யாரோ அதை இறக்கியிருந்தார்கள். வால்வு தேய்ந்ததா? வால்வு இருக்கை தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும், திருகாணியை மேலே எடுக்க வேண்டிவரும். இது எதிர்ப்பக்கம். புஷ்றொட் இரண்டும் கட்டையாகிவிட்டன, அல்லது றொக்கர் இருக்கிற உயரம் கூடிவிட்டது. புஷ்றொட் கட்டையாகாது. அப்படியென்றால் ஹெட் மேலே ஏறியிருக்கிறது.

சிலிண்டரைத் தூக்கினதும் கண்டேன். கிராங்க்கேசுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டியது மெல்லிய கடதாசிப் பக்கிங் ஒன்று. இங்கே இரண்டு கடதாசிப் பக்கிங், அவற்றின் நடுவில் ஒரு அலுமினியத் தகடு. வேர்ணியரில் ஒன்றரை மில்லிமீற்றர் காட்டியது. சிலிண்டர் போகிற பெரிய வட்டம், நாலு ஸ்ரட் ஆணிக்கு நாலு ஓட்டை, புஷ்றொட் போகிற நீள்வட்டம், எல்லாமே கையால் வெட்டினது. மெசினில் வெட்டினால் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். இதில் அரம் போன தடம் ஒரே சரிவில், ஒரே இடைவெளியில், உள்வட்டத்தைச் சுற்றி முழுக்கத் தெரிந்தது. அவசரப்பட்ட கை ஒன்றின் அரத்தடம் இப்படி இருக்காது. ஸ்ரட் ஓட்டைகளில் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள், ஹெட்டுக்கு எண்ணெய் ஏறுகிற வழி அது. அதைத் தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்.

செய்தவர் யார் என்று தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. தண்ணீரூற்றில் இப்போதும் லான்ட்மாஸ்ரர் திருத்திக்கொண்டிருக்கிற அண்ணையிடம் தகட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

“உது நான் வெட்டினது. ஏன் தம்பி கழட்டினனீ?”

“இனிப் பெற்றோல்தானே அண்ணை. தகடு வேண்டாம் எண்டு நினைச்சன்.”

“கிடக்கட்டும் விடு. என்ன பாரமே? திரும்பவும் தடை வந்தா என்ன செய்வாய்?”

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அழுத்தத்தைத் தாங்குகிற தன்மை, குறைவு. அழுத்தம் கூடின சிலிண்டருக்குள் அது தன்பாட்டில் வெடிக்கும், எஞ்சின் தட்டும், பிஸ்ரன் தலை உருகும். அழுத்தத்தைக் குறைக்க ஒரே வழி மேலே இடத்தைக் கூட்டுவது. சீஜியின் சிலிண்டர் 56.5 மில்லிமீற்றர் அகலம், பிஸ்ரன் ஏறி இறங்குகிற தூரம் 49.5, கொள்ளளவு 124 சீசீ. அழுத்த விகிதம் ஒன்பதுக்கு ஒன்றுக்குக் கிட்ட. அதாவது பிஸ்ரன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சுகிற இடம் பதினைந்தரை சீசீ அளவில். ஒன்றரை மில்லிமீற்றர் தகடு அதில் இன்னும் மூன்றே முக்கால் சீசீயைச் சேர்க்கும், விகிதம் ஏழரைக்கு இறங்கிவிடும். அண்ணை இந்தக் கணக்கைப் போடவில்லை. “ஒண்டில் தட்டிச்சுது, ரெண்டில் இழுவை இல்லை, ஒண்டரை சரியாய் வந்துது” என்றார். நான் கடதாசியில் போட்டுப் பார்த்துக் கண்ட எண்ணுக்கு அவர் காதால் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

2002 ஜனவரியில் தடையை எடுத்தார்கள், பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், பெற்றோல் வந்தது. பெரியப்பா சேலைன் போத்தலைக் கழற்றினார், ஜெற்றின் ஊசியை ஒரு படி இறக்கினார், தகட்டைத் தொடவில்லை. ஓடிற்று. இழுவை குறைவு, பெற்றோல் கூடக் குடிக்கும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். இப்போது நான் என்ன செய்வது?

பழைய வண்டி திருத்துகிற பலர் இதில் யோசிக்கவே மாட்டார்கள். கம்பனி எப்படி விட்டதோ அப்படியே கொண்டுவருவதுதான் அவர்களுக்குத் திருத்துவது. எனக்கு அது சரிவராது. இந்த வண்டி கம்பனிக்காரர் வைத்திருந்த நேரத்தைவிட அண்ணையின் பட்டறையில் நின்ற நேரம் அதிகம். அவர் செய்த வேலையும் இந்த வண்டிதான். ஆனால் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதும் முட்டாள்தனம். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: எஞ்சினைத் தின்கிற திருத்தத்தை எடுப்பது, எஞ்சினைத் தின்னாததை விடுவது. அகட்டின ஜெற் எஞ்சினைத் தின்னும், மிஞ்சின பெற்றோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டே இருக்கும். அதை எடுத்தேன். தகட்டில் கொஞ்சம் தயங்கினேன். எந்தத் தீங்கும் செய்யாத தகடு. கடைசியில் எடுத்தேன், காரணம் வால்வுத் திருகாணி. புரி இல்லாத திருகாணியில் இனி இடைவெளி வைக்க முடியாது. தடை வந்தால் என்ற அண்ணையின் கேள்விக்கும் 2022 ஒரு பதில் சொல்லியிருந்தது. அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவில் இருந்து ஒரே பாய்ச்சலில் 340க்குப் போயிற்று. மீன்பிடிக்காரர் போத்தல் ஏந்தி வரிசையில் நின்றார்கள். அடுத்த தடைக்கு மண்ணெண்ணெய் கைகொடுக்காது அண்ணை என்றேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாரா தெரியாது. தகட்டை மட்டும் திருப்பித் தரவில்லை, தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

சிலிண்டர் தேய்ந்திருக்கும் என்று தெரியும், இவ்வளவு தேய்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்ஸைத் தாண்டி வடிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். பார்க்கிறவனுக்கு எண்ணெய் மட்டம் குறையாமல் இருப்பது போலத் தெரியும், சில நேரம் கூடுவது போலவும் தெரியும். உள்ளே இருப்பது எண்ணெயே அல்லாத, தண்ணியாய்ப் போன கலவை. சிலிண்டரின் மேல்விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் படி ஒன்று தட்டுப்பட்டது, முன்னும் பின்னுமாக முட்டை வடிவில் அரைந்திருந்தது. வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் அளந்து பார்த்துவிட்டு, முதல் ஓவர்சைஸ் 0.25 போதாது, 0.50க்குப் போக வேண்டும் என்றார்கள். பிஸ்ரன் கிடைக்குமா என்பதுதான் எனக்கிருந்த கவலை, அது வீண் கவலையாகப் போயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகிஸ்தான் பிஸ்ரனும் இருந்தது, சீனப் பிஸ்ரனும் இருந்தது. இந்த எஞ்சினைப் பார்த்துச் சீனாக்காரர் செய்த 125கள் உலகம் முழுக்க ஓடுகின்றன, அதனால் சாமானுக்குப் பஞ்சமில்லை. பிஸ்ரன் கையில் வந்த பிறகுதான் போறிங் செய்யக் கொடுக்க வேண்டும், அந்தப் பிஸ்ரனை அளந்து அதற்கென்றே சிலிண்டரை வெட்டுவார்கள். முந்திக் கொடுத்துவிட்டுப் பிஸ்ரன் தேடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன்.

ராங்கிக்கு ரசாயனம் ஏதும் வாங்கவில்லை. அரைவாசிக்குக் கீழே பழைய எண்ணெய்ப் பசை, அரைவாசிக்கு மேலே துரு. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் பசையைப் போக்கி, பிறகு தென்னங்கள் வினாகிரியை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். வினாகிரியில் இருக்கிற அமிலம் துருவைக் கரைக்கும், அடியில் நல்ல இரும்பை அவசரமாகத் தின்னாது. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கபிலம் குறைந்து சாம்பல் நிறம் வரும். விடாப்பிடியாக ஒட்டியிருந்த இடத்துக்குப் பழைய சைக்கிள் செயின் ஒன்றை உள்ளே போட்டுக் குலுக்கினோம். குலுக்குவதற்கு அயல்ச் சின்னப் பெடியங்களைப் பிடித்தால் போதும், சத்தம் பிடித்துப்போய் விடமாட்டார்கள். வினாகிரியை ஊற்றினதும் அப்பச்சோடா கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயில், வெயிலோடு வெயிலாகக் கொஞ்சம் எண்ணெய். இந்த வரிசையில் சோடாவை விட்டவர்களுக்கு அடுத்த நாளே ராங்கி செம்மஞ்சளாகும். ராங்கியின் கீழே பித்தளைத் திறப்பான் இரண்டு, ஒன்று பெற்றோலுக்கும் ஒன்று மண்ணெண்ணெய்க்கும். இரண்டாவதை எடுத்தால் அந்த ஓட்டையை அடைக்க வெல்டிங் வேண்டும். இருக்கட்டும் என்று விட்டேன், ஒழுகவில்லை.

செயின் மூடியில் ஒரு தகட்டு ஒட்டு இருக்கிறது, உழவு இயந்திரத்தின் மட்காட்டில் வெட்டினது, அதன் சிவப்பு மைகூட இன்னும் ஓரத்தில் கிடக்கிறது. அதையும் விட்டேன். குறோம் பூசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தால் நட்டுக்கு நட்டு மினுங்கும். குறோம் பூசின மோட்டார் சைக்கிளை எங்கள் கிரவல் ஒழுங்கையில் கொண்டுபோக மனம் வருமா? வராது. அதனால்தான் அந்த வண்டிகள் மண்டபத்துக்குள்ளேயே நிற்கின்றன.

கரண்ட் வேலையில்தான் மூளை அதிகம் செலவானது. இது 6 வோல்ற் வண்டி. முன் லைற்றின் வெளிச்சம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், மெதுவாகப் போனால் மெழுகுதிரி. 1980இல் அது போதுமாயிருந்திருக்கும். இப்போது மாங்குளம் வீதியில் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் பொழுதுபட்டால் யானை குறுக்கே வரும். யானையைத் தூரத்தில் கண்டால் நின்றுகொள்ளலாம், கிட்டத்தில் கண்டால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே ஒறிஜினல், பழமை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, 12 வோல்ற் வேண்டும். தண்ணீர்ப் பம்பு மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற ஒருவர் விசுவமடுவில் இருக்கிறார். லைற் கொயிலைக் கொடுத்தேன். பழைய சுற்றை எண்ணிக்கொண்டே அவிழ்த்தார், அதைவிட மெல்லிய கம்பியில் இரண்டு மடங்கு சுற்றினார். சுற்று இரட்டித்தால் வோல்ற் இரட்டிக்கும், கம்பி மெலிந்ததால் கரண்ட் பாதியாகும், கிடைக்கிற சக்தி அதேதான். ஆனால் 12 வோல்றுக்கு நல்ல பல்ப் கடை நிறையக் கிடக்கிறது, எல்ஈடி போட்டால் அதே சக்தியில் வீதி பகலாகும். கூடவே ஒரு 12 வோல்ற் ரெகுலேற்றர், சின்னப் பற்றரி. வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தோம், பழையதை எலி முடித்திருந்தது.

தீப்பொறிக்கு நேரம் வைக்கிற பொயின்றை மாற்றவில்லை. மென்மையான அரத்தாளால் உரசி, இடைவெளியை 0.35க்கு வைத்து, மண்ணெண்ணெய்க்கென்று பின்னுக்குத் தள்ளியிருந்த ரைமிங்கை மீண்டும் கம்பனி குறித்த எஃப் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். கொண்டென்சர் புதிது. பிளக் இடைவெளி 0.6. சில்லுகளைச் சைக்கிள் கடை ஐயாவிடம் கொடுத்துவிட்டு மறந்துவிட்டேன். கம்பி முழுவதையும் மாற்றிக் கோணல் எடுத்துத் தந்தார். அந்த வேலையை நான் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை, பார்த்தாலும் விளங்கப்போவதில்லை.

ஆவண வேலை நீண்டது, சொல்ல வேண்டியது கொஞ்சம். பெரியப்பா உயிரோடு இருப்பதும், புத்தகம் அவர் பெயரில் இருப்பதும், இடம்பெயர்ந்த எல்லா இடத்துக்கும் பெரியம்மா அந்தப் புத்தகத்தைக் காணி உறுதியோடு பொலித்தீனில் சுற்றிக் கொண்டுதிரிந்ததும் பெரிய காரியம். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் பத்திக்குள் கிடக்கிற வண்டிகள் ஊரில் நிறைய. நம்பர் தகட்டின் நடுவில் சிங்களத்தில் ‘ஸ்ரீ’. 1958இல் அந்தச் சிங்கள எழுத்தைத் தமிழர் எதிர்த்ததும் அதனால் அடிபட்டதும் பெரியப்பாவுக்கு நல்ல ஞாபகம், அப்போது பள்ளிக்கூடம் போகிற பெடியன். “உந்த எழுத்துக்கு அடிபட்டவையின்ர ஊரில, அந்த எழுத்து போட்ட வண்டிதான் கடைசியில மிஞ்சினது” என்று சொல்லிச் சிரித்தார். மை மங்கியிருந்ததால் தகட்டைத் திரும்ப எழுதுவித்தோம்.

எழுப்பின நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சோக் இழுத்து உதைத்தது அவர்தான், எனக்கு விடவில்லை. வெள்ளைப் புகை கொஞ்சம் போயிற்று, பூசின எண்ணெய் எரிந்த புகை, பிறகு நின்றது. ஐடில் மட்டும் சரியாக இருக்கவில்லை, காற்றுத் திருகாணியை முழுக்க இறுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினதும் சீராயிற்று. சத்தம் எனக்குப் புதிது. தகடு இருந்த காலத்துச் சத்தத்தைத்தான் நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அது ஒரு தளர்ந்த ‘டொப் டொப்’. இது இறுக்கமாக வெட்டுகிறது. பெரியப்பாவுக்கு அது பழைய சத்தமாம். வாங்கின புதிதில் இப்படித்தான் இருந்ததாம்.

புது றிங்ஸ் சுவரோடு படிகிற வரைக்கும் எஞ்சினை முழுக்க இழுக்கக் கூடாது, ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓடக் கூடாது. முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும், அதற்குள் மினுங்குகிற தூள் கிடக்கும். அதனால் வற்றாப்பளைக்கும் முள்ளியவளைச் சந்தைக்கும் என்று கிட்டடிப் பயணம்தான் போய்க்கொண்டிருந்தேன். பிறகு ஒட்டுசுட்டான் வரைக்கும், பிறகு முத்தையன்கட்டுக்கு. முன்பு தகட்டோடு இரண்டாம் கியருக்கு இறக்க வேண்டியிருந்த குளக்கட்டு ஏற்றத்தை இப்போது பெரியப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்றிலேயே ஏறுகிறது. முன் பிறேக் மட்டும் இன்னும் சரியில்லை. சூ புதிது, ட்ரம் தேய்ந்திருக்கிறது, அதற்கு வேறு ஹப் தேட வேண்டும்.

ஒட்டுசுட்டானில் தேத்தண்ணீர்க் கடைக்கு முன்னால் விட்டிருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழைய ஹொண்டா சேர்ப்பவராம். குனிந்து எஞ்சின் நம்பரைப் பார்த்தார், ராங்கியின் கீழே இரண்டு திறப்பானைக் கண்டதும் முகம் மாறியது, செயின் மூடியின் சிவப்பு ஒட்டைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“ஒறிஜினலாய் இருந்தா நல்ல விலை தருவன் ஐயா. உதுகளை எல்லாம் மாத்த வேணும்.”

பெரியப்பா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றும் எந்த வருசம், யார் செய்தது, எவ்வளவு மண்ணெண்ணெய்க்கு எத்தனை கட்டை (மைல்) ஓடினது என்று அந்த மனிதருக்குச் சொல்லத் தொடங்கினார். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். போகும்போது ஒரு விலை சொன்னார், நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை. விற்கிறதாக இல்லை என்று நான் சொல்லி அனுப்பிவிட்டேன். வீதி திரும்புகிற வரைக்கும் பெரியப்பா ஒன்றும் பேசவில்லை.

“நீ அவசரப்பட்டுட்டாய்” என்றார் பிறகு. “ரெண்டாவது திறப்பானுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் பாத்திருக்கலாம்.”